கல்லாவில் கற்றது

34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்திய ஒருவர், ஓய்வுக்குப் பின் பிறர் சொல்லத் தாம் எழுதும் உத்தியோகத்தில் அமர நேர்ந்தால் அதை வேடிக்கை என்பதா, பழைய கணக்கு நேராயிற்று என்பதா? நமக்கு அவ்வாறுதான் நேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மறு வாரம், செஞ்சியில் திருவண்ணாமலைச் சாலையோரம் கடை வைத்திருக்கும் நம் தங்கை மகன் வீடு தேடி வந்தான். அவனுடைய கல்லாவில் இருந்த இளைஞன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். “மாமா, பத்தே நாள் கல்லாவில் உட்காருங்கள். ஆள் கிடைத்ததும் விட்டுவிடுகிறேன். சும்மாதானே இருக்கிறீர்கள்?” என்றான். கடைசி வாக்கியம் சற்றுத் தைத்தது. நம் இல்லத்தரசியும் அவனோடு சேர்ந்து தலையசைத்ததைக் கண்டு, நாம் பகல் முழுதும் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் அத்தனை இன்பம் தரவில்லை என்பதை உணர்ந்து உடன்பட்டோம். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

கடையின் பலகையில் ‘பாஸ்ட் புட்’ என்று எழுதியிருக்கும். நம் ஊர்ப்பக்கம் அதற்கு என்ன பொருள் என்பது வாசகர்கள் அறிந்ததே. பெரிய இரும்புச் சட்டி, சீறும் அடுப்பு, அதில் தூக்கித் தூக்கிப் போடப்படும் சாதமும் நூடுல்ஸும் ஒரு பக்கம்; பரோட்டாவும் தோசையும் கல்லில் வேகும் மறுபக்கம். மாலை ஐந்து மணிக்கு மேல் சாலையில் போகும் பாதி ஊர் அங்கு வந்து நிற்கும். கல்லாவில் இருப்பவர் பணம் வாங்கிச் சில்லறை தருவார், அவ்வளவே என்று நாம் எண்ணியிருந்தோம். கணக்கு நமக்குப் புதிதா என்ன? முதல் நாள் மாலை ஆறு மணிக்கே அந்த எண்ணம் கலைந்தது. பணத்தைப் பெரும்பாலும் சுவரில் ஒட்டிய சதுரக் கோலமும் கைப்பேசியும் பார்த்துக்கொள்கின்றன. கல்லாவில் இருப்பவருடைய மெய்யான வேலை கேட்பது. வந்தவர் வாயிலிருந்து வருவதைச் செவியில் வாங்கி, சீட்டில் எழுதி, உள்ளே அடுப்படியில் நிற்கும் மாஸ்டருக்கு அனுப்ப வேண்டும். சாப்பிட வந்தவர் எவரும் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே கேட்பதில்லை என்பதும் அன்றுதான் விளங்கிற்று.

“ஒரு முட்டை ரைஸ், முட்டை மட்டும் தனியா.” இதற்கு என்ன பொருள்? முட்டையைத் தனிப் பொட்டலமாகக் கட்ட வேண்டுமா, சாதத்தில் கலவாமல் மேலே வைக்க வேண்டுமா? “ரெண்டு தோசை, ஒண்ணு முறுகல், ஒண்ணு எண்ணெய் காட்டாம.” “நூடுல்ஸில் சாஸ் வேண்டாம், அஜினமோட்டோ வேண்டாம், காரம் சின்னக் குழந்தைக்குப் போடற மாதிரி.” “அண்ணன் சொன்னதே எனக்கும், ஆனா வெங்காயம் நெறைய.” அண்ணன் என்ன சொன்னார் என்பதே நினைவில் இல்லாதபோது தம்பிக்கு எப்படி எழுதுவது?

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் அலைக்கழித்தவை ‘வேணும்’, ‘வேணாம்’ என்னும் இரு சொற்கள். இலக்கண நூல்கள் இவற்றை எதிர்மறை என்று பிரித்து நிம்மதியாக இருக்கின்றன. பேருந்து ஒன்று எதிரே ஊதிக்கொண்டு திரும்பும் நேரத்தில், வாயில் வெற்றிலையோடு ஒருவர் ‘வெங்காயம் வேணா...’ என்று இழுத்தால், அவர் கேட்டது வெங்காயமா, வெங்காயத்திலிருந்து விடுதலையா என்பதை எந்த நூலும் சொல்லாது. முதல் வாரத்தில் மட்டும் நம்மால் ஆறு தட்டுகள் திரும்பி வந்தன. நம் மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சொன்னது போலிருந்தது.

மாஸ்டர் சொன்னார். செஞ்சிக்கு அடுத்த கிராமம் ஒன்றைச் சேர்ந்த அவர், நாம் பாடம் நடத்திய பள்ளியில் படித்தவர் இல்லையென்றாலும் நம்மை ‘வாத்தியாரய்யா’ என்றே அழைப்பார். “வாத்தியாரய்யா, சீட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். புகையில் பாதிதான் தெரிகிறது. ‘இல்லாமல்’ என்று எழுதுங்கள். வாயால் சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள். அதை வேறெதுவாகவும் கேட்க முடியாது” என்றார். 34 ஆண்டு மொழிப்பாடம் நடத்திய நமக்குத் தோன்றாத நுட்பம் அது. அவரே இன்னொன்றும் சொன்னார்: “எழுதினதைத் திரும்ப ஒருமுறை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.” முதல் அறிவுரையை அன்றே ஏற்றோம். இரண்டாவதை ஏற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

சொல்வதெழுதுதலில் நம் வகுப்பின் சட்டம் ஒன்றே ஒன்று. எந்தச் சொல்லையும் ஒரு முறைதான் சொல்வோம். ‘சார், இன்னொரு வாட்டி’ என்று கேட்கும் பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறையும். கவனத்தை வளர்க்க அதுவே வழி என்று நம்பினோம். அவ்வாறு ஆயிரம் பிள்ளைகளை வளைத்தவர், ஐம்பது ரூபாய்த் தோசைக்கு வந்தவரிடம் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்பதா? ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ள நமக்குத் தெரியும் என்னும் மிடுக்கு இருந்தது. இரண்டு மாதங்களில் காதும் பழகிற்று. தட்டுகள் திரும்புவது நின்றது. மிடுக்கு இன்னும் வளர்ந்தது.

செஞ்சியில் கல்லாவில் அமர்பவர் பஞ்சாங்கத்தையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழகப் பழகத் தெரிந்தது. பௌர்ணமியன்று திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும் கூட்டம் இவ்வழியே வரும். அவருள் பலர் வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்பர். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவோர் திரும்பும்போது நள்ளிரவும் கடந்திருக்கும். சூடாக எது இருந்தாலும் போதும் என்பர். மேல்சித்தாமூர்ச் சமண மடத்துக்கு வரும் வடநாட்டு யாத்திரிகர் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க விரைவர். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் என்று மண்ணுக்குள் விளைந்த எதுவும் ஆகாது. “பிறகு நூடுல்ஸில் நூடுல்ஸ் மட்டும்தான் மிச்சம்” என்று மாஸ்டர் முதலில் சலித்துக்கொண்டார். பின்பு கோஸும் பீன்ஸும் குடைமிளகாயும் கொண்டு அவர்களுக்கென்றே ஒன்று செய்யப் பழகினார். நம் ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய பாறைக்கு அருகே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு உண்டு. அந்தக் குன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பூண்டு பட்ட கரண்டியா என்று நம்மிடம் விசாரிக்கும்போது, அதை வெறும் நாக்கின் நச்சரிப்பென்று நம்மால் கொள்ள முடியவில்லை. ரம்சான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் பார்த்துப் பொட்டலம் கட்டிக் கேட்போர் உண்டு. தவக்கால வெள்ளிகளில் நம் பங்குக் குடும்பத்துப் பிள்ளைகள், நம்மைக் கல்லாவில் கண்டதும் சிக்கன் ரைஸ் கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு வெஜிடபிள் ரைஸ் கேட்பதும் உண்டு. அதை நாம் எவருடைய பெற்றோரிடமும் சொன்னதில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் படைத்துறைக் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்து யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதில், பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழகத்துக்கு உரியது இது ஒன்றே. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டையைக் காண அந்நாட்டார் குடும்பம் குடும்பமாக நம் கடைக்கும் வந்தனர். ஒரு பெரியவர் தட்டைச் சுட்டி “திகட் நகோ, திகட் நகோ” என்றார். நமக்குத் தெரிந்த தமிழில் திகட்டுகிறது என்று கொண்டு, இனிப்பைக் குறைக்கச் சொல்கிறார் போலும் என்று எண்ணினோம். காரம் வேண்டாம் என்று அதற்குப் பொருளாம். அவர் கண்ணில் நீர் வழிந்த பிறகே அது விளங்கிற்று. அனைவரும் சிரித்தோம். சொல் ஒன்றாயிருக்கப் பொருள் வேறாகும் என்னும் எச்சரிக்கையை அன்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். சிரிப்போடு விட்டுவிட்டோம்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. விரைவு உணவு என்னும் தொழில் உலகில் பிறந்ததே, வந்தவர் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான். அமெரிக்காவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-இல் தங்கள் கடையை மூடித் திறந்தபோது உணவு வகைகளை ஒன்பதாகக் குறைத்தனர். எல்லாருக்கும் ஒரே வகையில் கட்டிய ஒரே ரொட்டி. அதனால்தான் கேட்டவுடன் கொடுக்க முடிந்தது. வெங்காயம் எனக்கு வேண்டாம் என்பவர் ஒதுங்கி நின்று காத்திருக்க வேண்டும். அதையே குறையாகப் பிடித்துக்கொண்டு, பர்கர் கிங் என்னும் போட்டி நிறுவனம் 1974-இல் ‘உங்கள் விருப்பப்படியே’ என்னும் கருத்தில் பெரும் விளம்பரம் செய்தது. 1996-இல் மெக்டொனால்டு தில்லியில் முதற்கடை திறந்தபோது, மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமலேயே திறக்க வேண்டியதாயிற்று. உலகம் முழுதும் ஒரே ருசி என்றவர்களும் இந்த நாட்டில் ‘இல்லாமல்’ என்று ஒரு சீட்டு எழுதித்தான் உள்ளே வந்தனர். நம் காபிக் கடைகளோ தொடக்கத்திலிருந்தே வந்தவர் நாக்குக்கு வளைந்தவை. ஸ்ட்ராங், லைட், அரைச் சர்க்கரை, ஆற்றாமல் ஒன்று என்று பத்து மேசைக்கும் காகிதமின்றி நினைவில் கொண்டுபோய்க் கொடுத்த சப்ளையர்களை நாம் கண்டிருக்கிறோம். சர்க்கரை இல்லாக் காபிக்கு ‘வித்தவுட்’ என்று பெயர். நம் இளமையில் அச்சொல் பயணச்சீட்டின்றி ரயிலேறுவதைக் குறிக்கும். இப்போது சர்க்கரை நோயாளியைக் குறிக்கிறது. ஆகவே ‘பாஸ்ட் புட்’ என்று பலகை மாட்டினாலும், வேகத்தை மட்டும் அங்கிருந்து வாங்கிக்கொண்டு, வந்தவர் விருப்பத்தை நாம் கைவிடவில்லை. இரண்டும் ஒன்றாய் நிற்கும் இடம்தான் கல்லா. அங்கேதான் இடறவும் செய்யும்.

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. கோட்டை பார்த்துவிட்டு வந்த கூட்டம் வாசல் வரை நின்றது. மதுரைப் பக்கத்துப் பேச்சு. தாய், தந்தை, ஒரு பெண், ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன். இராஜகிரி ஏறி இறங்கிய களைப்பு அனைவர் முகத்திலும் இருந்தது. தாய் தெளிவாகவே சொன்னார்: “தம்பிக்கு ஒரு தோசை. அவனுக்குக் கடலை ஆகாது. கடலை சேர்க்காமக் கொடுங்க ஐயா.” நாம் எழுதினோம்: ‘தோசை 1 - கடலை இல்லாமல்.’ மாஸ்டர் சொன்ன ‘இல்லாமல்’தான். அடிக்கோடும் இட்டோம். சீட்டு உள்ளே போயிற்று. அடுத்தவர் தொடங்கிவிட்டார்.

கடையில் தோசைக்கு இரண்டு சட்னி. ஒன்று தேங்காயோடு பொட்டுக்கடலை வைத்து அரைத்த வெள்ளைச் சட்னி. மற்றது வறுத்த மல்லாட்டையும் சிவப்பு மிளகாயும் சேர்த்து அரைத்தது. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை வகைகளுக்கு இன்றும் அவ்வூர்ப் பெயரே டி.எம்.வி. என்று சுருங்கி நிற்கிறது. அப்படி விளையும் மண்ணில் அச்சட்னி இல்லாத கடை ஏது? மாஸ்டர் சீட்டைப் பார்த்தார். கடலை இல்லாமல் என்றிருந்தது. வெள்ளைச் சட்னியில் பொட்டுக்கடலை இருக்கிறது. ஆகவே அதை விலக்கினார். பையனுக்கு இரண்டாவது சட்னி வேண்டிய மட்டும் இருக்கட்டும் என்று, பிள்ளை என்னும் பரிவோடு, ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தார்.

அன்பர்களே, இதில் யாருடைய காதும் பழுதில்லை. மதுரைப் பக்கம் ‘கடலை’ என்றால் நிலக்கடலை. எங்கள் தென்னார்க்காட்டு மாஸ்டருக்கு அது மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று என்பர். அவருக்குக் கடலை என்றால் பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை. தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்த பயிர் அது. வந்து இறங்கிய இடமெல்லாம் ஒரு பெயர் பெற்றது. ஒருவர் வேர்க்கடலை என்பார், ஒருவர் கடலைக்காய் என்பார், இலங்கைத் தமிழர் கச்சான் என்பர். இவ்வளவும் நமக்குத் தெரியும். வகுப்பில் வட்டார வழக்கு என்று பாடமே நடத்தியிருக்கிறோம். தெரிந்தது சீட்டு எழுதும் கைக்கு வந்து உதவவில்லை.

இரண்டு விள்ளல்தான் தின்றிருப்பான். “அம்மா, உதடு என்னவோ பண்ணுது” என்றான். தாய் தட்டை முகர்ந்து பார்த்தார். பின்பு நடந்தவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் நினைவில் நிற்கின்றன. உதடு வீங்கிற்று. கழுத்திலும் கையிலும் தடிப்புகள் எழுந்தன. குரல் கம்மிற்று. பணியாள் ஒருவன் மோர் கொண்டு ஓடிவந்தான். அவனுடைய நல்லெண்ணம் அது. தந்தை பையனைத் தூக்கினார், நம் மருமகன் ஆட்டோவை மறித்தான். நாமும் ஏறினோம். வழியில் அந்தத் தாய் நம்மைத் திரும்பிப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார். “நான் சொன்னேனே ஐயா.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம்.

மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டனர். சில நிமிடங்களில் மூச்சு இலேசாயிற்று. எனினும் உடனே அனுப்பவில்லை. தணிந்தது போலிருந்து சில மணி நேரத்துக்குப் பின் மறுபடி எழக்கூடும் என்பதால் இரவு வரை வைத்திருந்தனர். இத்தகையவரை நடக்க வைக்கக் கூடாது, படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம், வாய் வழியே மோரோ நீரோ புகட்டிக்கொண்டு காலம் போக்கலாகாது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். சிலருக்கு உதடு வீங்குவதோடு நின்றுவிடும், சிலருக்கு ஒரு பருப்பே மூச்சை அடைத்துவிடும், முன்னர் இலேசாக வந்தது என்பதை நம்பியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். அவற்றை நம் வாசகக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லதென்று இங்கே எழுதினோம். இரவு ஒன்பது மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து, கோட்டையில் குரங்கு ஒன்று தன் தண்ணீர்ப் புட்டியைப் பறித்த கதையை நமக்குச் சொன்னான். நாம் அதை இரண்டு முறை கேட்டோம்.

அந்தச் சீட்டை மாஸ்டரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். நாட்குறிப்பில் இருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, கையெழுத்தும் அழகு. பழைய வகுப்பாயிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்போம்.

மாஸ்டர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. தம்மால் வந்தது என்று அவர் எண்ணினார். நாம் அவர் வீட்டுக்குப் போய், திரும்பப் படித்துக் காட்டச் சொன்னது நீர், கேட்காதது நாம் என்று சொன்னோம். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாம் நாள் வந்தார். உண்மையில், எழுதியதை அப்படியே படித்துக் காட்டியிருந்தாலும் ‘கடலை இல்லாமல்’ என்றுதான் படித்திருப்போம். அந்தத் தாயும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார். விமான நிலையத்தில் பணியிலிருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, அவன் 1977-இல் ஸ்பெயினுக்குரிய தெனரீஃப் தீவில் நடந்த விபத்தை நினைவூட்டினான். மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். ‘டேக் ஆஃப்’ என்று ஒரு விமானத்திலிருந்து சொன்னவர், ஓடத் தொடங்கிவிட்டோம் என்னும் பொருளில் சொன்னார். கோபுரத்தில் கேட்டவர், புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம் என்று கொண்டார். அதன்பின் புறப்படும் அனுமதியைத் தவிர வேறெதற்கும் அச்சொல்லை வழங்கலாகாதென்று வரையறுத்தனராம். “நீங்கள் படித்துக் காட்டினால் போதாது சார். வேறு சொல்லால் சொல்லிக் காட்ட வேண்டும்” என்றான். அவனுக்கும் நாம் ஒரு காலத்தில் அரை மதிப்பெண் குறைத்திருப்போம்.

ஆகவே இப்போது வேறு சொல்லால் கேட்கிறோம். “கடலை என்றால் மல்லாட்டையா, வேர்க்கடலையா, பொட்டுக்கடலையா?” “காரம் குறைவு என்றால் மிளகாயே இல்லாமலா, பாதியா?” “ஆகாது என்றால் பிடிக்காதா, விரதமா, உடம்புக்கு வருமா?” கடைசிக் கேள்வியே முதன்மையானது. பிடிக்காதவருக்குத் தவறிப் போட்டால் தட்டைத் திருப்பிக் கொடுப்பார். விரதமிருப்பவருக்குப் போட்டால் அவர் மனம் நோகும். மூன்றாமவருக்குப் போட்டால் ஆட்டோ மறிக்க வேண்டும். மூவரும் ‘ஆகாது’ என்னும் ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். நம் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது கேட்கத்தான் செய்கிறது. அரை நிமிடம் நிற்கட்டும்.

மூன்றாமவர் வந்தால் என்ன செய்வது என்பதில் நமக்கும் மருமகனுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் நிலக்கடலை, பால், முட்டை, மீன் போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் உறையில் அச்சிட வேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. நம் சட்டிக்கு உறை ஏது? சட்னியை விலக்கிவிட்டால் போதுமென்றான் அவன். தோசைக்கு ஊற்றுவது செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் போய்விடும் சத்து, செக்கெண்ணெயில் தங்கியிருக்கக்கூடும் என்றோம். எண்ணெயை மாற்றலாம் என்றான். அரைக்கும் மிக்ஸி ஜாடி ஒன்று, கரண்டி ஒன்று, கல் ஒன்று என்றோம். “வந்தவரை வேறு கடைக்குப் போங்கள் என்று அனுப்பச் சொல்கிறீர்களா மாமா? கல்லாவில் இருந்துகொண்டு?” என்று கேட்டான். வியாபாரம் செய்பவன் வாயில் நியாயமான கேள்விதான். அவனுக்குக் கடன் இருக்கிறது, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கின்றனர். நாம் பதில் சொல்லாமல் நாட்குறிப்பிலிருந்த சீட்டை எடுத்து அவன் முன் வைத்தோம். நெடுநேரம் பார்த்தான். மறுநாள் தனியாக ஒரு ஜாடியும், ஒரு சிறு தோசைக்கல்லும், பச்சைக் காம்பிட்ட கரண்டி ஒன்றும் வாங்கி வந்தான். அவற்றில் மல்லாட்டை தொடுவதில்லை, எண்ணெயும் வேறு. அப்போதும், உடம்புக்கு வரும் என்பவரிடம் “எங்கள் அடுப்படி ஒன்றுதான், முழு உறுதி தர இயலாது” என்று நாம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம். சிலர் எழுந்து போகின்றனர். ஒருவர் நன்றி சொல்லிவிட்டு, இட்லி மட்டும் போதும் என்று உட்கார்ந்தார்.

மேசைக்குக் கீழே மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் மல்லாட்டை, ஒன்றில் பொட்டுக்கடலை, ஒன்றில் கொண்டைக்கடலை. பேச்சில் ஐயம் வந்தால் எடுத்துக் காட்டுவோம்; மராட்டியருக்கும் அது விளங்கும். வாத்தியார் கல்லாவிலும் பாடம் நடத்துகிறார் என்று ஊரில் சிரிக்கின்றனர். சென்ற வாரம் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அவற்றைக் கண்டுவிட்டு, “தாத்தா, அதில ஒண்ணு” என்று கை நீட்டினாள். மல்லாட்டைப் புட்டியின் மூடியைத் திறந்தவர் நின்று, அவளுடைய தாயைப் பார்த்து, “இது மல்லாட்டை, வேர்க்கடலை, இவளுக்குக் கொடுக்கலாமா அம்மா?” என்று கேட்டோம். “கொடுங்க, கொடுங்க” என்று அந்தத் தாய் சிரித்தார். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தோம்.